இரு ஊர்திகள், இரு காலங்கள்

கோவையிலிருந்து பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கொச்சிக்கு வரும் நெடுஞ்சாலை ஆலுவாவில் பெரியாற்றைக் கடக்கிறது. அங்குள்ள மார்த்தாண்ட வர்மா பாலம் திருவிதாங்கூர் ஆட்சியில் 1940-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மட்டாஞ்சேரியில் தொழில் செய்து வாழும் தமிழருக்குத் தாய்நாடு செல்லும் வழிகளுள் இதுவும் ஒன்று. இப்பாலத்தின்மீது ஓடிய இருவகைக் கார்களின் வரலாற்றில் நம் நாட்டு நடுத்தர மக்களின் வரலாறும் அடங்கியுள்ளது.

முதலாவது அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, வங்காளத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் இதனை உருவாக்கத் தொடங்கிற்று. முன்னிருக்கை, நீண்ட பெஞ்சு போன்றது. கியர் கோல் ஸ்டியரிங் தண்டிலேயே அமைந்திருந்தது. ஆகையால் ஓட்டுநரின் அருகிலும் இருவர் அமரலாயிற்று. பாட்டி முதல் பேரன் வரை ஒரே வண்டியில் ஊர்த் திருவிழாவிற்குப் புறப்பட்டனர். வழியில் பழுது நேர்ந்தால் சிற்றூர்ப் பட்டறையிலும் அதனைச் சீர்செய்ய ஆள் கிடைத்தார்.

ஆயினும் அதனை வாங்குவது எளிதன்று. வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. உள்நாட்டு உற்பத்திக்கும் அரசின் உரிமம் வேண்டியிருந்தது. பம்பாயின் பியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பன தவிரப் போட்டி அதிகமில்லை. பணம் கட்டியவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். காத்திருப்போர் உள்ளவரை வண்டியைத் திருத்தியமைக்க வேண்டிய கட்டாயமும் எழவில்லை. எனவே பல பத்தாண்டுகள் கழிந்தும் அதன் உருவம் பெரிதும் மாறவில்லை.

இரண்டாவது மாருதி 800. ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, அரசு நிறுவனமான மாருதி உத்யோக் இதனைக் குர்காவில் தயாரித்தது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். அம்பாசிடரில் முன்னே உள்ள எஞ்சின், நீண்ட தண்டின் வழியாகப் பின்சக்கரங்களைச் சுழற்றியது. மாருதியிலோ 796 கன செண்டிமீட்டர் அளவுள்ள சிறு எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்டு, முன்சக்கரங்களையே இயக்கிற்று. அதனால் வண்டி சிறுத்தது, எடை குறைந்தது, பெட்ரோல் செலவும் சுருங்கிற்று. மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களில் திரும்புவதற்கு இதுவே ஏற்றது. ஆனால் இதில் நால்வர் அமர்ந்தாலே இடம் நிறைந்துவிடும். பாட்டி ரயிலில் வரவேண்டியவரானார்.

பழையது தோற்றது, புதியது வென்றது என்று முடித்துவிடலாமா? தொடக்கத்தில் மாருதிக்கும் மக்கள் பதிவு செய்து காத்திருந்தனர். 1993-ஆம் ஆண்டில் கார் உற்பத்திக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கிய பின்னரே பல நிறுவனங்கள் களத்தில் இறங்கின. பின்பு, வாங்குவோர் வண்டிக்காகக் காத்திருந்த நிலை மாறி, வண்டிகள் வாங்குவோருக்காகக் காத்திருந்தன. அப்போட்டி மாருதி 800-ஐயும் விட்டுவைக்கவில்லை. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு மே மாதத்தில் அம்பாசிடரின் உற்பத்தியும் நின்றது. முதியதும் இளையதும் ஓராண்டிலேயே விடைபெற்றன.

ஒன்று சுற்றத்தாருக்கு இடமளித்தது. மற்றொன்று எளிய வருவாயினருக்கும் சொந்தக் கார் என்னும் நம்பிக்கையை அளித்தது. ஆலுவாவில் பழைய பாலத்தின் அருகே இன்று மற்றொரு பாலமும் நிற்கிறது. பெருகிவிட்ட வண்டிகளைத் தாங்குவதற்கு ஒரு பாலம் போதவில்லை.