பழைய பாலிசியைக் கிழிக்காதீர்கள்

கொள்ளேகால் பட்டுக்காரர்களுக்குத் தீ இன்சூரன்ஸ் எழுதியே என் காலம் போனது. "புதுசு வந்தாச்சே, பழசைக் கிழிச்சுடலாமா?" என்று கேட்காத முதலாளி இல்லை. தீ பாலிசி என்றால் சரி. அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு என்றால் வேண்டாம் என்பேன்.

காரணம் அமெரிக்கக் கதை. 1980-ல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம், என்றோ கொட்டிய விஷக்கழிவுக்கும் கொட்டியவரையே பொறுப்பாக்கியது. ஆலைகள் பழைய பாலிசியைத் தேடிப் பெட்டிகளைக் குடைந்தன. சேதம் நடந்த ஆண்டில் இருந்த பாலிசி காலாவதியானாலும் பேசும். தாள் தொலைந்தால் பிரீமிய ரசீது, பேரேட்டுப் பதிவு சாட்சி. பாலிசி தேடித்தருவதே தனித் தொழிலானது. 1986-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகள் புதுப் பாலிசிகளில் மாசை அடியோடு விலக்கின. பழைய தாளுக்கு மவுசு ஏறியது.

நம்மூரில் போபால் விஷவாயுக் கசிவுக்குப் பின் 1991-ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அன்று உயிருக்கு 25,000 ரூபாய், சொத்துக்கு 6,000; மண்ணைச் சுத்தம் செய்ய ஒன்றுமில்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. அங்கே பாதரசம் கலந்த மண்ணைச் சுத்தம் செய்வது ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

இங்கே பெரும்பாலும் கோரிக்கை வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்கவேண்டும். முதல் பாலிசி எடுத்த தேதிக்கு முந்தைய சேதம் சேராது. சாயப்பட்டறைக்காரரே, அந்தத் தேதியைக் காட்ட முதல் தாளைப் பத்திரமாக வையுங்கள்.