தராசு முதல் மின்னோட்டம் வரை: மனித உடலை அளந்த வரலாறு

அளத்தலின்றி அறிவியல் இல்லை என்பர். ஆயினும், தான் எதனை அளக்கின்றான் என்பதை அறியாது அளப்பவன், அளவாதிருப்பவனிலும் பெரிய பிழை செய்தற்கு இடமுண்டு. இவ்வுண்மையை யான் முதற்கண் உணர்ந்தது நூல்களிலன்று, இறக்கக்கண்டிக் கடற்கரையிலேயாம். கரைவலையில் வந்த மீனைக் கூடையோடு தராசிலிடும்பொழுது, கூடை எவ்வளவு, மீனோடு சேர்ந்த நீர் எவ்வளவு என்று விற்போரும் வாங்குவோரும் வழக்கிடுதல் கரையோர மக்கள் நன்கறிந்தது. தராசு மொத்தத்தைச் சொல்லும். அம்மொத்தத்துள் எது எவ்வளவு என்று சொல்லமாட்டாது. மனித உடலைக் குறித்தும் இவ்வழக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக நடந்து வருகின்றது. அதன் வரலாற்றையும், அதில் நம் நாட்டுச் சிறார்க்குள்ள பங்கினையும் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைத் தமிழ் மன்னர் துலாபாரம் புகுந்து தம் நிறையளவு பொன்னைத் தானஞ் செய்தனர். ஆங்கு உடலின் நிறை கொடைக்கு அளவாயிற்றேயன்றி நலத்துக்கு அளவாகவில்லை. நிறையை உயரத்தோடு ஒப்புநோக்கி ஒரு விதி காண முயன்றவர் பெல்ஜிய நாட்டு வானியலாளரும் புள்ளிவிபரவியலாளருமான அடொல்ப் குவெற்றலே என்பார். வளர்ந்தோரின் நிறை அவர்தம் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மிகுகின்றது என 1832ஆம் ஆண்டளவில் அவர் கண்டார். அவர் தேடியது 'சராசரி மனிதனின்' இலக்கணத்தையே. நோயை அறியும் வழியையன்று. 1972இல் அமெரிக்க அறிஞர் அன்சல் கீஸும் அவர்தம் துணைவரும் அவ்விகிதத்துக்கு உடற்றிணிவுச் சுட்டி எனப் பெயரிட்டனர். கிலோகிராமிலுள்ள நிறையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவதே இச்சுட்டி. எளிமை காரணமாக இஃது உலகெங்கும் பரவிற்று. எனினும் இதுவும் தராசின் பிள்ளையே. கொழுப்பையும் தசையையும் வேறுபடுத்தி அறியாது.

இக்குறையை வெளிப்படுத்தியவருள் முதன்மையானவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவரான அல்பேட் பெங்கி. ஆக்கிமிடீசின் பழைய விதியை அவர் மனித உடலுக்குப் பயன்படுத்தினார். கொழுப்பின் அடர்த்தி ஏறத்தாழ 0.9, தசையும் என்பும் நீரும் சேர்ந்த ஏனைய பகுதியின் அடர்த்தி ஏறத்தாழ 1.1. ஆகவே ஒருவரை நிலத்தில் ஒருமுறையும் நீரினுள் ஒருமுறையும் நிறுத்தால், உடலின் கனவளவும் அடர்த்தியும் பெறப்படும். அவற்றிலிருந்து கொழுப்பின் வீதத்தைக் கணிக்கலாம். 1942இல் வெளிவந்த அவரது ஆய்வில் தொழில்முறைக் காற்பந்தாட்ட வீரர் 25 பேர் அளக்கப்பட்டனர். அக்காலத்து நிறை அட்டவணையின்படி அவர்களுள் 17 பேர் மிகுநிறை காரணமாகப் படைக்குத் தகுதியற்றோர். ஆனால் அப்பதினெழுவருள் 11 பேரிடம் கொழுப்பு குறைவாகவே காணப்பட்டது. அவர்களது மிகுநிறை தசையின் நிறையே என்பது தெளிவாயிற்று. அட்டவணை ஒன்று வலியோரையே தகுதியற்றோர் எனத் தள்ளிய செய்தி இது.

நீருள் நிறுக்கும் முறை நுண்ணியதாயினும் அரியது. சுவாசத்தை முற்றாக வெளிவிட்டு, தலையும் அமிழ, அசையாதிருத்தல் வேண்டும். நோயாளரையும் குழவிகளையும் முதியோரையும் அவ்வாறு அளப்பது எங்ஙனம்? ஆதலின் அறிஞர் மற்றொரு வழி தேடினர். அவ்வழியைத் திறந்தது நீரேயாகும். கொழுப்பு நீங்கிய உடற்பகுதியில் ஏறத்தாழ 73 வீதம் நீர் என்பது 1945இல் விலங்குகளிற் செய்த ஆய்வால் நிறுவப்பட்டது. எனவே உடலிலுள்ள நீரின் அளவை அறிந்தால் கொழுப்பற்ற பகுதி பெறப்படும். மொத்த நிறையிலிருந்து அதனைக் கழிக்க எஞ்சுவது கொழுப்பு.

நீரை அளத்தற்கு மின்னோட்டம் துணையாயிற்று. 1791இல் கல்வானி தவளைத் தசைக்கும் மின்னுக்குமுள்ள தொடர்பை வெளியிட்டார். 1827இல் ஓம் தமது தடைவிதியை உலகுக்களித்தார். 1925இல் ஹியூகோ பிரிக்கே, செங்குருதிக் கலங்களின் மென்சவ்வு மின்னைத் தேக்கும் இயல்புடையதென அளந்து காட்டினார். இவ்வறிவுகள் ஒன்றுகூடியே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதிய முறையாயின.

அதன் தத்துவத்தை நம் மாணவர் எளிதில் உணரலாம். இறக்கக்கண்டிப் பாலத்தின்கீழ் ஓடும் களப்புநீர் உப்புடையது. அது மின்னை நன்கு கடத்தும். தேங்காயெண்ணெய் கடத்தாது. நம் உடலினுள்ளும் இவ்விரண்டும் உள. தசையிலும் குருதியிலுமுள்ள உப்புநீர் மின்னுக்கு வழிவிடுகின்றது, கொழுப்பு மறிக்கின்றது. இனி, நீர் நிறைந்த குழாயொன்றை எண்ணுக. குழாய் நீண்டால் தடை மிகும். அகன்றால் தடை குறையும். ஆகவே நீளத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுக்கக் கிடைக்கும் எண், குழாயிலுள்ள நீரின் கனவளவுக்கு விகிதசமமாகும். நீளத்துக்குப் பதிலாக மனிதனின் உயரத்தைக் கொண்டால் அதுவே இம்முறையின் அடிப்படை. ஆடலோட்டத்துக்கு உடல் காட்டும் மொத்த எதிர்ப்பினைப் பௌதிக நூலார் தடங்கல் என்பர்.

1962இல் பிரான்சிய மருத்துவர் தொமாசே தோலினுட் செருகிய இரு ஊசிகளால் இத்தடங்கலை அளந்தார். அமெரிக்காவில் நைபோர் என்பார் ஊசிகளை ஒழித்து, தோலின்மீது நான்கு மின்வாய்களை ஒட்டும் முறையை வளர்த்தார். 1969இல் ஹொபரும் துணைவரும் உயரத்தின் வர்க்கத்துக்கும் தடங்கலுக்குமுள்ள விகிதம் உடல்நீரோடு நெருங்கிய தொடர்புடையதெனக் காட்டினர். 1985இல் அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தைச் சேர்ந்த லுகாஸ்கியும் துணைவரும் 37 நலமுள்ள ஆண்களை இம்முறையால் அளந்து, நீருள் நிறுக்கும் முறையோடு ஒப்பிட்டு, முடிவுகள் நன்கு இசைவதைக் கண்டனர். அவர்கள் செலுத்தியது 800 மைக்குரோ அம்பியர் கொண்ட, வினாடிக்கு 50,000 சுற்றுடைய ஆடலோட்டம். அளக்கப்படுவோர் அதனை உணர்வதில்லை. இதன்பின் இம்முறை நலவாய்வுகளில் விரைந்து பரவிற்று. வீடுகளில் ஏறிநிற்கும் தராசுகளிலும் பின்னர்ப் புகுந்தது.

ஈண்டு நாம் சற்று நின்று எண்ணல் வேண்டும். அக்கருவி கொழுப்பை அளப்பதேயில்லை. அது அளப்பது தடங்கலை மாத்திரம். தடங்கலிலிருந்து நீரும், நீரிலிருந்து கொழுப்பற்ற பகுதியும், அதிலிருந்து கொழுப்பும் சமன்பாட்டினால் ஊகிக்கப்படுகின்றன. இவ்வூகம் இரு வகையாற் பிழைபடலாம். முதலாவது, உடல்நீரின் மாற்றம். விடிய விடியக் கடலில் உழைத்து, வியர்த்து, நீரருந்தாது கரையேறிய மீனவரை உடனே அளந்தால், நீர் குறைந்தமையாற் கருவி அவரைக் கொழுத்தவர் எனக் காட்டவுங்கூடும். உணவு, காய்ச்சல், படுத்திருக்கும் நிலை ஆகியனவும் எண்ணை மாற்றும். இரண்டாவது இதனினும் பெரிது. சமன்பாடு யாருடைய உடல்களை அளந்து வகுக்கப்பட்டதோ, அவ்வுடல்களுக்கே அது முற்றும் பொருந்தும். ஒரு நாட்டினரை அளந்து பெற்ற விதி மற்றொரு நாட்டினர்க்கு அப்படியே பொருந்துமென்பது நிறுவப்படாத நம்பிக்கையே.

இந்நம்பிக்கை நம்மவர் திறத்தில் எத்துணை ஏமாற்றந் தரும் என்பதற்குப் புனே நகர மருத்துவர் யாஞ்ஞிக் சான்று தருகின்றார். புனே வட்டாரக் கிராமங்களிற் பிறந்த குழந்தைகளின் நிறை சராசரி 2.7 கிலோகிராம்; இங்கிலாந்தின் சவுதாம்ப்டனிற் பிறந்தவர்க்கு 3.5 கிலோகிராம். இந்தியக் குழவிகள் தசையிலும் உறுப்புகளிலும் பெரிதும் குறைந்திருந்தும், முதுகுத்தோலின் கீழுள்ள கொழுப்பிற் பெரிதுங் குறையவில்லை என 2003இல் அவரும் துணைவரும் எழுதினர். 2004இல் அவர் ஆங்கில அறிஞர் யுட்கினோடு தம்மையே ஒப்பிட்டார். இருவர்க்கும் உடற்றிணிவுச் சுட்டி 22.3. ஆனால் ஊடுகதிர் முறையால் அளந்தபொழுது யுட்கினிடம் கொழுப்பு 9.1 வீதம், யாஞ்ஞிக்கிடம் 21.2 வீதம். மெலிந்து தோன்றும் நம்மவரை நீரிழிவு பற்றுவதன் காரணம் இதனால் ஓரளவு விளங்கும். அவ்வாண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்கள் திறத்தில் 23, 27.5 ஆகிய சுட்டிகளையும் கவனத்துக்குரிய எல்லைகளாகக் குறித்தது.

நம் நாட்டிலும் இதற்குரிய பணி நடந்துள்ளமை மகிழ்தற்குரியது. கொழும்புப் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவ அறிஞர் பூஜித விக்கிரமசிங்கவும் லமாபதுசூரிய முதலான துணைவரும், இலங்கைச் சிறார்க்கெனவே மின்தடங்கற் சமன்பாடொன்றை வகுத்து 2008இல் இலங்கை மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டனர். பார எைதரசன் கொண்ட நீரைச் சிறிதளவு அருந்தச் செய்து, அஃது உடல்நீரிற் கலந்து ஐதாகும் வீதத்தைக் கொண்டு உண்மையான நீரளவைக் கண்டு, அதனோடு கருவியின் அளவை ஒப்பிட்டனர். பிறர் சட்டையை நம் பிள்ளைகளுக்கு அணிவித்து, பொருந்தவில்லையெனப் பிள்ளைகளைக் குறைகூறாது, அவர்தம் அளவுக்கே சட்டை தைத்த செயல் இது.

ஆசிரியன் ஒருவனுக்கு இஃது ஏட்டு வழக்கன்று. வகுப்பில் இரு சிறுவர் உளர் எனக் கொள்வோம். உயரமும் நிறையும் ஒன்றே. ஒருவன் விடியலில் தந்தையோடு கரைவலை இழுத்துப் பின் பள்ளிக்கு வருபவன். மற்றவன் ஓடியாடாது இருந்து வளர்பவன். தராசு இருவரையும் ஒருவராகவே காணும். பொருந்தாத சமன்பாட்டைக் கொண்ட கருவியோ, இருவரையும் வேறு வேறாகக் காட்டினும் இருவர் திறத்தும் பிழைபடலாம். அவ்வெண்ணைக் கொண்டே எவனுக்கு உணவு, எவனுக்கு உடற்பயிற்சி, எவனுக்கு மருத்துவம் என முடிவு செய்யப்படுமாயின், பிழையின் விலையைச் செலுத்துபவன் அச்சிறுவனே.

ஆதலின், அறிவியல் பயிலும் மாணவர் எந்த எண்ணைக் கண்டவிடத்தும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். கருவி உண்மையில் எதனை அளந்தது? எஞ்சியதை எவ்விதியால் ஊகித்தது? அவ்விதி யாரை அளந்து பிறந்தது? நம் மாவட்டத்துக் கரையோரச் சிறாரையும், வயலோரச் சிறாரையும், நகரச் சிறாரையும் இவ்வினாக்களோடு அளந்து ஆராய்தற்குரிய இளைஞர், இக்கல்லூரியின் வகுப்புகளில் இன்றே அமர்ந்திருத்தல் கூடும். அவர்களை அப்பணிக்கு ஆயத்தஞ் செய்தல் நம் கடனாகும்.