தூண்டுமுறை மீன் இனப்பெருக்கம்

குளத்தில் வளரும் கட்லா, ரோகு, மிர்கால் கெண்டைகளின் சூலகத்தில் முட்டை முதிர்ந்தாலும், தேங்கிய நீரில் அவை பொதுவாக முட்டையிடுவதில்லை. பருவமழை வெள்ளத்தின் தூண்டல் இல்லாததால் பிட்யூட்டரி சுரப்பி, முட்டையிடத் தூண்டும் லூட்டினைசிங் ஹார்மோனைப் போதிய அளவு வெளியிடாது. மூளையின் டோபமைனும் அதைத் தடுக்கும். 1957இல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசிவழி செலுத்தி இவ்வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அதுவரை ஆற்று வெள்ளத்தில் அள்ளிய, பல இனம் கலந்த குஞ்சுகளையே பண்ணையாளர்கள் பெரிதும் நம்பியிருந்தனர். இந்திய உள்நாட்டு மீன்வளர்ப்பில் சௌத்ரியின் வெற்றி பெரும் திருப்பமாக அமைந்தது. இன்று பிட்யூட்டரியைத் தூண்டும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோனின் ஒப்புருவும் டோபமைனைத் தடுக்கும் டோம்பெரிடோனும் கலந்த மருந்து ஒரே ஊசியாகப் போடப்படுகிறது. முட்டை முதிராத தாய்மீனுக்கு எந்த ஊசியும் பயன்படாது. எனவே வயிறு உப்பி மென்மையாக இருப்பவற்றையே தேர்ந்தெடுப்பர்.