மருந்தின் அளவு

பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் பால் வியேய் 1884-ல் புகையற்ற வெடிமருந்தை ஆக்கினார். அதற்குமுன் பல நூற்றாண்டுகள் வழங்கியது, வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கருமருந்தே. அதனைச் சிறு குவளையால் முகந்து இட்டனர். புதிய மருந்தோ அதே எடையில் ஏறத்தாழ மும்மடங்கு ஆற்றல் உடையது. பழைய குவளையை நம்பியவர் கையிலேயே துப்பாக்கிகள் வெடித்துச் சிதறின. ஆகவே முகத்தல் அளவையினும் நிறுத்தல் அளவையே காப்பு என்பது தெளிவாயிற்று. மருந்தின் கடுமையை அறியவும் வழி இருந்தது: ஆண்ட்ரூ நோபிள் 1860-களில் வகுத்த முறைப்படி, வாயுவின் அழுத்தத்தால் சிறு செப்புருளை எவ்வளவு நசுங்கிற்று என்று அளந்தனர். இன்று, சட்டம் இடந்தரும் நாடுகளில் கைத்துப்பாக்கித் தோட்டாவில் செம்பு முலாமிட்ட குண்டைத் தாமே பொருத்துவோர், சோதனைச்சாலை வெளியிட்ட குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகவே ஏற்றுகின்றனர். அப்பொறுமை, சிதறிய குழல்கள் கற்பித்த பாடம்.