பணிவாரிச் செலவுக் கணக்கு மென்பொருள்: அமெரிக்கத் துணை ஒப்பந்ததாரர்களின் தேர்வு

நிறுவனத்தின் வரவுசெலவை மொத்தமாகக் காட்டுவதோடு நில்லாமல், எடுத்த ஒவ்வொரு வேலைக்கும் இதுவரை ஆன செலவு, இனி ஆகப்போகும் செலவு, வரவேண்டிய பணம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் கணக்கு மென்பொருளே பணிவாரிச் செலவுக் கணக்கு மென்பொருள். ‘ஜாப் காஸ்டிங்’ என்பது தொழிலில் வழங்கும் பெயர். கட்டுமானத் துறையில் மின்சாரம், குழாய், குளிரூட்டல், கூரை, ஓடு பதித்தல் போன்ற ஒரே வகை வேலையை முதன்மை ஒப்பந்ததாரரிடமிருந்து எடுத்துச் செய்யும் துணை ஒப்பந்ததாரர்களுக்கு இது இன்றியமையாதது. வட அமெரிக்கத் தொழில் வகைப்பாடு இவர்களை 238 என்ற எண்ணின் கீழ்த் தனிப் பிரிவாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் இவர்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கத் தவறுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கூலி மணி

முதன்மை ஒப்பந்ததாரரின் செலவில் பெரும்பகுதி துணை ஒப்பந்தங்கள்தாம். அவற்றின் விலை முன்கூட்டியே எழுதி முடிக்கப்பட்டுவிடும். துணை ஒப்பந்ததாரரின் நிலை வேறு. மின்கம்பி, குழாய், கருவி ஆகியவற்றின் விலையை விற்பனையாளரின் விலைப்புள்ளி ஓரளவு கட்டிவைக்கும். ஆனால் தன் ஆட்கள் எத்தனை மணி நேரத்தில் வேலையை முடிப்பார்கள் என்பதை யாரும் எழுதித் தருவதில்லை. லாபமும் நட்டமும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகின்றன. அதனால் மென்பொருளின் பேரேடு எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, வேலைத்தளத்து மணிக்கணக்கு அதற்குள் எப்படி நுழைகிறது என்பதே முதல் கேள்வி.

அந்தக் கணக்கு செலவுக் குறியீடுகள் வழியாக நுழைகிறது. அமெரிக்கக் கட்டுமானத்தில் பரவலாகப் பயன்படும் ‘மாஸ்டர்ஃபார்மட்’ வகைப்பாடு 2004இல் 16 பிரிவுகளிலிருந்து 50 பிரிவுகளாக விரிந்தது. அதில் குழாய் வேலைக்கு 22, குளிரூட்டலுக்கு 23, மின் வேலைக்கு 26. கட்டடம் முழுவதையும் பார்க்கும் முதன்மை ஒப்பந்ததாரருக்கு இது போதும். மின் ஒப்பந்ததாரருக்கோ மொத்த வேலையும் 26க்குள் அடங்கிவிடுவதால் எதுவும் விளங்காது. தரைக்கடியில் குழாய் பதிப்பு, சுவருக்குள் குழாய், கம்பி இழுப்பு, பலகைப் பெட்டி, விளக்குப் பொருத்தல் என்று கட்டம் கட்டமாகத் தன் குறியீடுகளை அவரே வகுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மென்பொருள் இடம் தர வேண்டும். அதே சமயம் நூறு குறியீடுகளைக் கொடுத்தால் ஃபோர்மேன் எல்லா மணிகளையும் பட்டியலின் முதல் வரியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மாலை ஐந்து மணிக்குக் களைத்துப்போன ஒருவர் தேடாமல் எடுக்கக்கூடிய எண்ணிக்கையே சரியான எண்ணிக்கை.

குறியீடு சரியாக இருந்தால் கிடைக்கும் பயன் பெரிது. குழாய் பதிப்புக்கு 2,000 மணி என்று மதிப்பிட்டிருந்து, பாதிக் குழாய் பதித்த அன்று 1,300 மணி ஆகியிருந்தால், இதே வேகத்தில் முடிவில் 2,600 ஆகும். பாதியில் தெரிந்தால் ஆட்களை மாற்றலாம், தாமதத்துக்குக் காரணமானவரிடம் கூடுதல் தொகை கேட்கலாம். இதற்கு மணிக்கணக்கோடு பதித்த நீளமும் பதிவாக வேண்டும். டாலரை மட்டும் பதிந்து அளவைப் பதியாத மென்பொருள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

கூலியின் மேல் ஏறும் சுமையும் உண்டு. சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளுக்காக முதலாளி தரும் 7.65 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டு வரி, தொழிலாளர் விபத்துக் காப்பீடு, சங்க ஒப்பந்தம் இருந்தால் ஓய்வூதிய, மருத்துவ நிதிப் பங்குகள் என அது நீளும். விபத்துக் காப்பீட்டுக் கட்டணம் வேலை வகையைப் பொறுத்து மாறும். கூரை ஏறுபவருக்கும் அலுவலக எழுத்தருக்கும் ஒரே விகிதம் கிடையாது. 40 டாலர் கூலி வேலைக் கணக்கில் வெறும் 40 டாலராகவே ஏறினால் எல்லா வேலைகளும் லாபமாகத் தெரியும்.

அரசுப் பணி எடுப்பவருக்கு இன்னொரு சிக்கல். 1931ஆம் ஆண்டின் டேவிஸ்-பேக்கன் சட்டப்படி, 2,000 டாலருக்கு மேற்பட்ட கூட்டரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் அந்தப் பகுதிக்கென அறிவிக்கப்பட்ட கூலி தர வேண்டும். தந்ததாகச் சான்றளித்த சம்பளப் பட்டியலை வாராவாரம் ஒப்படைக்க வேண்டும். அதற்கான படிவம் டபிள்யூ.எச்.-347. ஒரே ஆள் காலையில் ஒரு வகை வேலையும் மாலையில் வேறு வகையும் செய்தால் ஒரே நாளுக்கு இரண்டு விகிதம். பொதுச் சம்பள மென்பொருள்கள் தடுமாறும் இடம் இது.

பில்லும் பிடித்தமும்

துணை ஒப்பந்ததாரர் மாதம் ஒருமுறை பில் போடுகிறார். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் ஜி702, ஜி703 படிவங்கள் பரவலான வழக்கு. முதலாவது தொகைச் சுருக்கம். இரண்டாவது வேலையை வரிவரியாகப் பிரித்து ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டுவது. ஒவ்வொரு பில்லிலும் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை பிடித்து வைக்கப்படும். நியூயார்க் மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம் தனியார் கட்டுமானத்தில் இந்தப் பிடித்தத்துக்கு 5 சதவீத உச்சவரம்பு விதித்தது.

பிடித்தத் தொகை வரவேண்டிய பணம்தான், ஆனால் இன்று கேட்க முடியாத பணம். மென்பொருள் இதைத் தனிக் கணக்கில் வைக்காவிட்டால், நிலுவைப் பட்டியலில் 90 நாள் தாண்டிய கடனாக நின்று உண்மையான பாக்கிதாரர்களை மறைத்துவிடும். எழுத்து உத்தரவு வராமலேயே செய்து முடித்த கூடுதல் வேலைகளையும், பணம் பெறும்போது தர வேண்டிய சொத்துரிமைக் கோரிக்கை விலக்குப் பத்திரங்களையும் அந்தந்த பில்லோடு இணைத்து வைக்கும் வசதி இருந்தால் நல்லது.

நடப்புப் பணி அறிக்கை

வங்கியும் உத்தரவாதப் பத்திர நிறுவனமும் முதலில் கேட்பது நடப்புப் பணி அறிக்கையை. 1935ஆம் ஆண்டின் மில்லர் சட்டம் கூட்டரசுக் கட்டுமானத்தில் முதன்மை ஒப்பந்ததாரர் உத்தரவாதப் பத்திரம் தர வேண்டும் என்கிறது. அவர் அதே உத்தரவாதத்தைத் தன் துணை ஒப்பந்ததாரரிடமும் கேட்பது உண்டு.

எடுத்துக்காட்டாக 10 லட்சம் டாலர் ஒப்பந்தம், மதிப்பிட்ட செலவு 8 லட்சம், இதுவரை செலவு 4 லட்சம் என்று கொள்வோம். செலவுப்படி பாதி வேலை முடிந்தது. ஈட்டிய வருவாய் 5 லட்சம். பில் போட்டது 6 லட்சம் என்றால் 1 லட்சம் முன்வாங்கல். வங்கிக் கணக்கில் பணம் இருப்பதால் உரிமையாளர் மகிழ்ச்சியாக இருப்பார். மீதி வேலைக்கு இனி 6 லட்சம் ஆகும் என்று தளத்தில் இருப்பவர் சொன்னால் மொத்தச் செலவு 10 லட்சம், வேலை 40 சதவீதம்தான் முடிந்திருக்கிறது, முன்வாங்கல் 2 லட்சம், லாபம் இல்லை. மாற்றியது ஒரே ஓர் எண். ‘இனி எவ்வளவு ஆகும்’ என்ற அந்த எண்ணை மாதந்தோறும் மனிதர் ஒருவர் உள்ளிட வேண்டும். மதிப்பீட்டில் எஞ்சிய தொகையைத் தானாகவே அங்கே நிரப்பிவிடும் மென்பொருள் கடைசி மாதம் வரை நல்ல செய்தியே சொல்லிக்கொண்டிருக்கும்.

வரிக் கணக்கு இதிலிருந்து விலகலாம். நீண்டகால ஒப்பந்தங்களுக்கான வரிச்சட்டப் பிரிவு 460, இரண்டு ஆண்டுக்குள் முடியும் வேலைகளுக்குச் சிறு நிறுவனங்களை இந்தச் செலவுவழிக் கணக்கிலிருந்து விலக்குகிறது. 2025 வரியாண்டுக்கு முந்தைய மூன்றாண்டுச் சராசரி வரவு 3.1 கோடி டாலருக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஆகவே ஒரே வேலைக்கு இருவகைக் கணக்கு.

சந்தையில் உள்ளவை

பெரும்பாலோர் தொடங்குவது இன்ட்யூட்டின் குவிக்புக்ஸில். அதன் கணினிப் பதிப்புகளான புரோ, பிரீமியர் ஆகியவற்றைப் புதிய அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு விற்பதை 2024 செப்டம்பர் இறுதியோடு அந்நிறுவனம் நிறுத்தியது. இணையப் பதிப்பில் வேலைவாரி லாபம் பார்க்கலாம். பிடித்தமும் சான்றளித்த சம்பளப் பட்டியலும் வேண்டுமெனில் துணை மென்பொருள்களை ஒட்ட வேண்டும். சிறு நிறுவனத்துக்கு அதுவே போதும் என்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த படியில் சேஜ் 100 கான்ட்ராக்டர், ஒஹையோவில் 1985இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் போன்றவை கட்டுமானத்துக்கென்றே எழுதப்பட்டவை. அதற்கும் மேலே, 1971இல் தொடங்கி 2003இல் சேஜ் வாங்கிய டிம்பர்லைனின் வாரிசான சேஜ் 300. வியூபாயின்ட்டின் விஸ்டா, 2018 முதல் டிரிம்பிளிடம். புரோகோரைக் கணக்கு மென்பொருள் என்று எண்ணி விலை விசாரிப்போர் உண்டு. அது திட்ட மேலாண்மைக் கருவி, பேரேட்டுக்கு வேறொன்று வேண்டும். குளிரூட்டல் நிறுவனங்களுக்குப் பழுதுபார்ப்புச் சேவையும் இருப்பதால், ஒப்பந்த வேலையையும் இரண்டு மணி நேரச் சேவை அழைப்பையும் ஒரே இடத்தில் கையாளுமா என்பது தனிக் கேள்வி.

சோதனையும் மாற்றமும்

விற்பனையாளரின் மாதிரி நிறுவனத்தில் எல்லா வேலையும் லாபமாகவே ஓடும். நட்டத்தில் முடிந்த சொந்த வேலை ஒன்றின் மணிக்கணக்கு, கொள்முதல் ஆணை, பில், கூடுதல் வேலை ஆகியவற்றை வாரவாரியாகக் கொடுத்து, எந்த வாரத்தில் அறிக்கை நட்டத்தைக் காட்டியிருக்கும் என்று பார்ப்பதே உருப்படியான சோதனை. கைப்பேசியில் மணி பதியும் செயலியை விற்பனையாளரிடம் விடாமல் ஃபோர்மேன் ஒருவரிடமே கொடுத்துப் பார்க்க வேண்டும். நிலத்தடித் தளத்தில் சிக்னல் இல்லாதபோது அது என்ன செய்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

மாறும் தேதியாக ஜனவரி 1ஐப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்; அப்போதுதான் ஊழியரின் ஆண்டுச் சம்பளச் சான்று ஒரே மென்பொருளிலிருந்து வரும். முடிந்த வேலைகளைப் பழைய இடத்திலேயே விட்டுவிடலாம். நடப்பு வேலைகளுக்கு மட்டும் ஒப்பந்தத் தொகை, குறியீடுவாரி மதிப்பீடு, இதுவரை ஆன செலவும் மணியும், போட்ட பில், நிற்கும் பிடித்தம் ஆகியவற்றைக் கொண்டுவந்து, பழைய நடப்புப் பணி அறிக்கையும் புதியதும் ஒத்துப்போகும் வரை பழைய உரிமத்தை ரத்து செய்யாமல் வைத்திருப்பது வழக்கம்.