அரியலூர்ப் பூமியின் வெட்டுமுகங்கள்

பெரம்பலூருக்குத் தெற்கே பாடாலூரையும் ஊட்டத்தூரையும் அடுத்த மேட்டு நிலத்திலிருந்து புறப்பட்டுக் கிழக்கு நோக்கி அரியலூரைத் தாண்டிச் செல்லும் வழிப்போக்கன், பருத்திக் கொல்லைகளுக்கும் மக்காச்சோளக் கொல்லைகளுக்கும் நடுவே நடப்பதாக எண்ணிக்கொண்டாலும், உண்மையில் ஒரு புராதன சமுத்திரத்தின் தரைமீது, பழைய காலத்திலிருந்து புதிய காலத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறான். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே புகுந்து நின்ற கடல், களிமண்ணும் மணலும் சுண்ணாம்பும் கிளிஞ்சலுமாக அடுக்கடுக்காகப் படியவைத்த பாறைகள், மேற்கே ஆதிப்பாறைகளின்மேல் தொடங்கிக் கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சாய்ந்து கிடக்கின்றன. சாய்ந்த அவ்வடுக்குகளின் தலைகளை மழையும் வெள்ளமும் யுகயுகமாய்ச் சீவி ஏறக்குறைய ஒரே மட்டமாக்கிவிட்டமையால், ஒவ்வோர் அடுக்கின் விளிம்பும் நிலத்தில் ஒரு பட்டையாக வெளிப்பட்டு நிற்கிறது. கணினியில் வடித்த முப்பரிமாண மேற்பரப்பு ஒன்றை ஒரு தளத்தால் வெட்டி, ஒரு பக்கத்தைக் கழித்து மறுபக்கத்தை நிறுத்திக்கொள்ளும் இக்காலத்து வித்தையை, இயற்கை இந்தப் பிரதேசத்தில் இவ்வாறு முன்னமே செய்து வைத்திருக்கிறது. அந்த வெட்டை வாசிக்க மனிதன் கற்றுக்கொண்ட சரித்திரத்தில் சில அருமையான அத்தியாயங்கள் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இவ்விரு மாவட்டங்களுக்கும் உரியவை.

1840-களில் கேய், கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர்கள் தென்னிந்தியாவின் இத்தகைய பாறைகளிலிருந்து திரட்டிய கற்சிப்பிகளை, லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1846-இல் விவரித்தார். 1851-இல் தாமஸ் ஓல்டத்தின் தலைமையில் ஏற்பட்ட இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா, பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டை இங்கே அனுப்பியது. 1857 முதல் 1860 வரை அவர் செய்த ஆராய்ச்சியின் பயனாக 1862-இல் வெளிவந்த நூல், இவ்வடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. அந்தப் பெயர்கள் இன்றும் உலகெங்குமுள்ள பூகர்ப்ப சாஸ்திரிகளின் வழக்கில் இருக்கின்றன. தோண்டும் இயந்திரமும் துளையிடும் கருவியும் கைவசம் இல்லாத அக்காலத்தில் ஒரு சாஸ்திரிக்குத் துணையாயிருந்தவை ஓடைக்கரைகளும் கிணற்றுச் சுவர்களுமே. ஓடை அறுத்துக் காட்டிய இடத்தில் அடுக்கின் சாய்வையும் அது சாய்ந்த திசையையும் அளந்து, அடுத்த ஓடையில் அதே அடுக்கைச் சிப்பிகளால் அடையாளம் கண்டு, இரண்டுக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத பூமிக்குள் செங்குத்தான ஒரு தளத்தை மனத்தால் இறக்கி, அத்தளத்தில் அடுக்குகள் எவ்வாறு தோன்றும் என்று காகிதத்தில் வரைவதே குறுக்குவெட்டுப் படம். ஒரு பிடி மண்ணையும் அகற்றாமல் பூமியை வெட்டிப் பார்த்த அந்தக் கற்பனைத் திறமே, பிற்காலத்தில் கணினி மேற்கொண்ட காரியத்திற்கெல்லாம் மூலம் என்பேன்.

பாறையை மனத்தால் வெட்டியவர்கள், அதனுள்ளிருந்த ஜீவராசிகளைக் கையாலேயே வெட்ட வேண்டியிருந்தது. ஸ்டோலிச்கா என்னும் மொராவிய தேசத்து அறிஞர், 1862-இல் அதே இலாகாவில் சேர்ந்து, தென்னிந்தியாவின் கற்சிப்பிகளைப் பற்றிப் பெரும் நூல்தொகுதிகளை எழுதினார். அமோனைட் என்னும் சுருள்சிப்பியின் வெளித்தோற்றம் அதன் இனத்தை ஓரளவே உணர்த்தும். அதை நடுவே அறுத்துப் பார்த்தால்தான், உள்ளே அறை அறையாகத் தடுக்கப்பட்டிருப்பதும், அவ்வறைகளின் ஊடே ஓடும் குழாயும் புலனாகும். இப்பகுதியிலுள்ள சாத்தனூரில், 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் பூகர்ப்ப அறிஞர் உலகறியச் செய்த 18 மீட்டர் நீளமான கல்மரத்தைப் போன்ற மரங்களின் இனத்தை ஆராய்வதற்கோ ஒரு வெட்டு போதாது. தண்டுக்குக் குறுக்கே ஒன்று, மையத்தினூடே நெடுக ஒன்று, வளையங்களைத் தொட்டவாறு ஒன்று என மூன்று திசைகளில் மூன்று தளங்கள் வேண்டும். 1903-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஸொல்லாஸ் என்னும் பேராசிரியர், புதைபடிவங்களைச் சிறுகச் சிறுகத் தேய்த்து, ஒவ்வொரு தேய்ப்பிலும் வெளிப்பட்ட முகத்தைப் படமெடுத்து, அப்படங்களை அடுக்கி முழு உருவத்தையும் மெழுகில் மீட்டெடுக்கும் முறையை விளக்கினார். அம்முறையில் உருவம் மீண்டது. ஆனால் மூலப்பொருள் தூளாகிப் போயிற்று. வெட்டிப் பெறும் அறிவுக்கு அக்காலம் கொடுத்த விலை அது.

அதற்கப்பால் வந்த வெட்டு வியாபாரத்தின் வெட்டு. 1939-இல் அண்டையிலுள்ள கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலையும், 1979-இல் அரியலூரில் தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலையும் தொடங்கின. பின்னர் தனியார் ஆலைகள் பலவும் சேர்ந்து, இப்பகுதியைச் சிமெண்ட் பூமியாகவே ஆக்கிவிட்டன. சுண்ணாம்புக்கல் எவ்வளவு இருக்கிறது என்று கணிக்க, சுரங்கப் பொறியாளர்கள் நிலத்தைச் சம இடைவெளியில் குறுக்குவெட்டுகளாக வரைந்து, ஒவ்வொரு வெட்டின் பரப்பையும் இடைவெளியால் பெருக்கிக் கூட்டினார்கள். அந்தக் கணக்கைக் கணினி ஏற்றபோது, மேற்பரப்பு முழுவதும் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாலான வலையாயிற்று. அந்த வலையை வெட்டும் வழிக்கு, 1974-இல் ஐவன் சதர்லாந்து, கேரி ஹாட்ஜ்மன் என்னும் கணினி அறிஞர்கள் வெளியிட்ட முறை முக்கிய ஆதாரங்களில் ஒன்றாகும். வெட்டுத்தளம் வெளியை இரண்டாகப் பிரிக்கிறது. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையும் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். மூன்று முனைகளும் வேண்டிய பக்கமிருந்தால் முக்கோணம் தங்குகிறது; மூன்றும் மறுபக்கமிருந்தால் நீங்குகிறது; தளம் ஊடறுத்தால், இரு முனைகளின் தூர விகிதப்படி ஓரத்தில் புதுப்புள்ளி வைத்து, நீங்க வேண்டிய துண்டை மட்டும் கத்தரிக்கிறார்கள். மூடிய உருவம் ஒன்றை இவ்விதம் வெட்டினால், நுங்கைச் சீவியது போல வாய் திறந்து நிற்கும். அவ்வாயை மற்றொரு மேற்பரப்பால் மூடினால்தான் கனஅளவு கிடைக்கும். இந்த மூடுதலை மறந்த கணக்கு, உள்ளீடற்ற தோலைக் கல்லென்று காட்டிவிடும்.

2021-இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் கனிம விதிகளின்படி, ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னோ அதற்கு மேலோ தோண்டத் திட்டமிடும் குத்தகைகளும், 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்புள்ள குத்தகைகளும், ஆண்டுதோறும் ட்ரோன் பறக்கவிட்டுப் படமெடுத்துச் சமர்ப்பிக்க வேண்டும். அப்படங்களிலிருந்து வடியும் மேற்பரப்பு, குத்தகை எல்லைகளைச் செங்குத்தான தளங்களாகவும் சுரங்கப் படிக்கட்டுகளைக் கிடைத்தளங்களாகவும் கொண்டு வெட்டப்பட்டுக் கணக்காகிறது. அன்று ஒருவர் மனத்தால் இறக்கிய தளம், இன்று சட்டத்தின் பேரால் நிலத்தின்மேல் இறங்கியிருக்கிறது.

கணினியின் வெட்டை மீட்கலாம்; கழித்ததை மறுபடி வரவழைத்து, தளத்தைச் சற்றே திருப்பி வேறோர் உண்மையைக் காணலாம். சுரங்கத்தின் வெட்டோ மீளாதது. இன்று வெளிப்படும் பாறைமுகம், எத்தனையோ கோடி ஆண்டுகள் மறைந்திருந்து முதன்முறையாக ஒளியைக் காண்பது; அடுத்த வெடியில் அது சிமெண்ட் ஆகிவிடும். இப்பகுதியிலுள்ள கல்லமேட்டில் கண்டெடுக்கப்பட்டு, 1980-களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர்கள் ப்ருஹத்காயோசாரஸ் எனப் பெயரிட்டு விவரித்த ராட்சச டைனோசார் எலும்புகள் நொறுங்கி மறைந்துவிட்டமையால், அவற்றைப் பற்றிய வாதங்களெல்லாம் சில கோட்டோவியங்களையும் நிழற்படங்களையும் கொண்டே நடைபெற வேண்டியிருக்கிறது. அதைப் போன்ற இழப்பு இனி நேராதிருக்க வழி ஒன்றுண்டு. கல்லின் எடையைக் கணக்கிட ஆண்டுதோறும் எடுக்கப்படும் அதே மேற்பரப்பு மாதிரிகளில், அடுக்குகளின் எல்லைகளையும் புதைபடிவங்கள் கிடைத்த மட்டங்களையும் குறித்து வைத்து, சுரங்கம் மூடப்பட்ட பின்னும் கல்லூரிகளும் அருங்காட்சியகங்களும் எடுத்துப் பார்க்கும்படி பொதுச் சொத்தாகக் காக்க வேண்டும். பொன்னாகக் கருதும் கல்லை விற்கிறவர்கள், அதற்கு முன் அதன் வரலாற்றை ஒரு பிரதி எடுத்து வைப்பது தருமம்; கருவியும் பழக்கமும் இந்த மண்ணிலேயே கைவந்துவிட்டபடியால், அதைச் செய்யாதிருப்பதற்கு இனி எந்தக் காரணமும் கூற முடியாது.