சிறுநீர்ப்பை விரிவாக்கம்: குடல் ஒட்டும் உயிரிப்பொருள் ஒட்டும்

சுருங்கிய அல்லது விறைத்துப்போன சிறுநீர்ப்பையில் வேறொரு திசுவையோ பொருளையோ ஒட்டித் தைத்து, அதன் கொள்ளளவைக் கூட்டும் சிகிச்சையே சிறுநீர்ப்பை விரிவாக்க அறுவை. நலமாக உள்ள பெரியவரின் சிறுநீர்ப்பை உள்ளழுத்தம் ஏறாமல் சுமார் 400 முதல் 500 மி.லி. வரை சிறுநீரைத் தேக்கிவைக்கும். காசநோயால் வடுப்பட்ட பையும், முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தையின் பையும் அப்படி விரிந்துகொடுப்பதில்லை. அத்தகைய குழந்தைகளை ஆராய்ந்த எட்வர்ட் மெக்குவயர் குழு, சிறுநீர் கசியும் தறுவாயில் உள்ளழுத்தம் 40 செ.மீ. நீரளவைத் தாண்டினால் சிறுநீரகங்களுக்கு ஆபத்து என்று 1981இல் காட்டியது. ஆகவே சிறுநீரகத்தைக் காப்பதே இந்த அறுவையின் முதல் நோக்கம். கசிவை நிறுத்துவது அதற்கு அடுத்ததுதான்.

இத்தாலியில் தித்சோனியும் ஃபோஜ்ஜியும் 1888இல் நாயின் சிறுநீர்ப்பை இருந்த இடத்தில் சிறுகுடல் துண்டைப் பொருத்திப் பார்த்தனர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மிகுலிச் அதே வழியை மனிதரிடம் கையாண்டார். ஆனாலும் இந்த அறுவை பரவலானது பிரான்சின் ரொஜே கூவலேர் 1950இல் காசநோயாளிகளின் சிறுத்த பைகளைக் குடலால் விரித்ததை எழுதிய பிறகே. மேலைநாடுகளில் அந்தக் காரணம் ஏறக்குறைய மறைந்துவிட்டது; இந்தியாவில் இன்னும் மறையவில்லை.

தொடக்க காலத்தில் குடலைக் குழாயாகவே வைத்து இணைத்தார்கள். குடலின் வட்டத்தசை அலையலையாகச் சுருங்கும். பை நிரம்பும்போது அந்தச் சுருக்கமே அழுத்தத்தை ஏற்றிக் கசிவை உண்டாக்கியது. இன்றைய முறையில், பெருங்குடலைத் தொடும் கடைசி 15–20 செ.மீ. பகுதியை விட்டுவிட்டு, அதற்கு முன்னுள்ள 20 முதல் 40 செ.மீ. சிறுகுடலை வெட்டி எடுக்கிறார்கள். அதைத் தாங்கும் சவ்வையும் அதிலுள்ள ரத்தக்குழாய்களையும் துண்டிப்பதில்லை. குழாயை நீளவாக்கில் கீறித் தட்டையாக்கி, மடித்துத் தைத்து ஓர் ஒட்டாக்குகிறார்கள். பிறகு சிறுநீர்ப்பையை மட்டிச் சிப்பியைப்போல இரண்டாகத் திறந்து, விளிம்போடு விளிம்பு சேர்க்கிறார்கள். 1959இல் வில்லர்ட் குட்வின் விவரித்த கிண்ண வடிவ ஒட்டும், 1980களில் பரவிய சிப்பி முறையும் இந்த வழியில் வந்தவை.

விரித்த பை பலருக்குத் தானாகக் காலியாவதில்லை. அதனால் இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் தையலில் நிகழவில்லை என்பேன். மிச்சிகனில் ஜாக் லாப்பிடிஸ் 1972இல் முன்வைத்த எளிய யோசனையில்தான் நிகழ்ந்தது. நோயாளியே கையைக் கழுவி, சுத்தமான கதீட்டரைச் செருகி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீரை வெளியேற்றலாம்; கிருமிநீக்கம் செய்த கருவி கட்டாயமில்லை என்றார் அவர். 1980இல் பால் மித்ரோஃபனோஃப் குடல்வாலைக் கதீட்டர் செருகும் வழியாக மாற்றியது, சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தைகளுக்குப் பேருதவியாயிற்று.

குடல் சிறுநீரோடு வாழப் பிறந்த உறுப்பு அன்று. அது சளியைச் சுரந்துகொண்டே இருக்கும், கல் சேரும். சிறுநீரிலுள்ள அம்மோனியத்தையும் குளோரைடையும் உறிஞ்சி ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும். வைட்டமின் பி12 குறையலாம், பை கிழியலாம், பல ஆண்டுகளுக்குப் பின் அரிதாகப் புற்றுநோயும் வரலாம். குடலுக்குப் பதில் இரைப்பையைப் பயன்படுத்தியபோது அதன் அமிலம் எரிச்சலையும் ரத்தக்கசிவையும் கொண்டுவந்தது. விரிந்த சிறுநீர்க்குழல் அருமையான ஒட்டு. ஆனால் அது கிடைப்பது ஒருசிலரிடம்தான்.

இந்தத் தொல்லைகளே மாற்றுப்பொருளைத் தேடவைத்தன. 1917இல் ஹரோல்ட் நியூஹாஃப் தொடைத்தசையைப் போர்த்தும் நார்ச்சவ்வை நாயின் சிறுநீர்ப்பையில் ஒட்டிப் பார்த்தார். பின்னர் பிளாஸ்டிக் பஞ்சு, டெஃப்லான், ஜெலட்டின் பஞ்சு, பதப்படுத்திய மூளையுறை, மாட்டின் இதயவுறை என்று பட்டியல் நீண்டது. உயிரற்ற ஒட்டில் கல் படிந்தது, தொற்று வந்தது, தையல் கசிந்தது. கரைந்துபோகும் ஒட்டோ வடுவாகிச் சுருங்கியது. 1990களில் செல்களைக் களைந்த பன்றிச் சிறுகுடலின் உள்ளடுக்கும், அவ்வாறே செல் நீக்கிய சிறுநீர்ப்பைச் சுவரும் விலங்குகளில் நம்பிக்கை தந்தன. ஆனால் நலமான விலங்கின் சிறுநீர்ப்பை, பெரும்பகுதியை வெட்டினாலும் தானே ஓரளவு வளர்ந்துவிடும். வளர்ந்தது ஒட்டினாலா, பையின் சொந்தத் திறனாலா என்று பிரித்தறிவது கடினம். நோயுற்ற பையில் அந்தத் திறன் குன்றியிருப்பதும் அந்த நம்பிக்கைக்கு எதிராக நின்றது.

2006இல் அந்தோனி அட்டாலா குழு பாஸ்டனில் செய்த அறுவைகளின் முடிவை 'லான்செட்' இதழ் வெளியிட்டது. முதுகுத்தண்டுக் குறையுள்ள 4 முதல் 19 வயது வரையிலான 7 பேரின் சொந்தச் செல்களை வளர்த்து, அவற்றைத் தாங்கும் சட்டகமான சாரத்தில் பதித்து, அதைச் சிறுநீர்ப்பையில் பொருத்தியிருந்தார்கள். கொலாஜனும் பாலிகிளைகாலிக் அமிலமும் கலந்த சாரத்தை, ரத்தவோட்டம் மிகுந்த வயிற்றுக் கொழுப்புத்திரையால் போர்த்தியபோது பலன் கூடியது. உலகச் செய்தித்தாள்கள் ஆய்வகத்தில் வளர்ந்த உறுப்பு என்று கொண்டாடின. 2014இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனை அந்தக் கொண்டாட்டத்தை அடக்கியது. ஒட்டு பெற்ற 10 பேரை 36 மாதம் கவனித்ததில் கொள்ளளவு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. குடலடைப்பு, பை கிழிதல் போன்ற கடும் விளைவுகள் ஏற்கத்தக்க அளவை மீறின.

தோல்விக்கு முதன்மைக் காரணம் ரத்தவோட்டம் என்பதே என் மதிப்பீடு. குடல் தன் ரத்தக்குழாயோடு வருகிறது. சாரமோ புதுக் குழாய்கள் நுழையும்வரை பட்டினி கிடக்கிறது. தடித்த ஒட்டின் நடுப்பகுதி அதற்குள் நாராகிவிடுகிறது. அதனால், மாத்திரைக்கும் போட்டுலினம் ஊசிக்கும் கட்டுப்படாத நோயாளிக்குச் சிறுகுடல் ஒட்டே இன்றும் முதல் தேர்வு.

குடலால் விரித்த சிறுநீர்ப்பை உள்ளவர்கள் ஆயுள் முழுதும் தொடர் பரிசோதனையில் இருக்க வேண்டும். அவர்களுக்குத் திடீரென வயிற்றுவலியோ காய்ச்சலோ வந்தால், பை கிழிந்திருக்கலாம் என்ற எண்ணத்தோடு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதுகுத்தண்டுக் குறையால் வலி உணராத குழந்தைகளில் வயிறு உப்புவது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.